ஜெனிட்டா வீட்டு போர்ட்டிகோ

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. வாய் சும்மா இருந்தாத்தானே. கேட்டுட்டேன்.

"என்கிட்ட இல்லாதது அவகிட்ட அப்படி என்ன டீச்சர் இருக்கு?"

டீச்சர்னா பள்ளிக்கூட டீச்சர் இல்ல. ரொசாலி எஞ்சினியர். பாலிடெக்னிக்ல பன்னிரண்டு வருஷம் பாடம் எடுத்ததால தூத்துக்குடியில எல்லாருக்கும் அவங்க டீச்சர்தான். இப்ப அவங்க தொழில், வீடு வாங்கப் போறவங்களுக்காக அந்த வீட்டைப் பாத்துச் சொல்றது. சுவர், தூண், பீம், மொட்டைமாடி, எல்லாத்தையும் தட்டிப் பாத்து, இது நிக்குமா நிக்காதான்னு எழுதிக் கொடுப்பாங்க.

என்னைவிட எட்டு வயசு சின்னவங்க. நான் இருபத்தஞ்சு வருஷம் சைட்டுல சூப்பர்வைசராக் கிடந்தவன். ஐம்பத்திரண்டு வயசுல இந்த வேலையைக் கத்துக்க அவங்ககிட்ட போனேன். மூணு வருஷம் ஆச்சு. ஏணி தூக்குறது நான், சுத்தியல் தட்டுறது நான். ஒரு ரிப்போர்ட்டுலகூட என் கையெழுத்து கிடையாது.

'அவ'ன்னு சொன்னது மாரித்தங்கத்தை. இருபத்தேழு வயசு. வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. அவகிட்ட டீச்சர் ஒரு வீட்டைத் தனியா ஒப்படைச்சுட்டாங்க. "நீயே பாரு, நீயே எழுது, நீயே கையெழுத்துப் போடு. கீழே நான் போடறேன்"னு எல்லாரும் இருக்கும்போதே சொன்னாங்க. நேத்து முளைச்ச காளான்! எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது.

நான் கேட்டதும் டீச்சர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வெச்சாங்க.

"டீ ஆறுது அண்ணாச்சி. குடிங்க"ன்னாங்க.

திங்கக்கிழமை தங்கம் போய் அந்த வீட்டைப் பாத்துட்டு வந்தா. செவ்வாய்க்கிழமை நான் போனேன். யாரும் என்னை அனுப்பல.

ஜெனிட்டான்னு ஒரு நர்ஸ், வாடகைக்கு இருக்கிற வீடு. அதையே இப்ப விலைக்கு வாங்கப் போறா. புருஷன் கப்பல்ல. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.

"அளக்கிற டேப்பை இங்க மறந்து வெச்சிட்டு வந்துட்டாம்மா அந்தப் பிள்ளை. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" அப்படின்னு புளுகினேன்.

"தேடுங்க சார். டீ போடறேன்"னு அவ உள்ளே போயிட்டா.

நான் டீச்சர் சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே பாத்தேன். முதல்ல எதிர்த்த தெருவுல நின்னு வீடு சாயுதான்னு பாக்கணும். அப்புறம் வெளியே ஒரு சுத்து. அப்புறம் மொட்டைமாடி. கடைசியாத்தான் உள்ளே. தங்கம் ஒண்ணையும் விடல. ஜன்னலுக்கு மேல ஒரு விரிசல். அதுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வெச்சிருந்தா. விரிசல் வளந்தா கண்ணாடி உடையும், அதுக்காக. பாவி, அதையும் சரியாத்தான் செஞ்சிருந்தா.

திரும்பி வரும்போதுதான் போர்ட்டிகோவைப் பாத்தேன். தூணே இல்லாம வீட்டுல இருந்து முன்னாடி நீட்டி நிக்கிற தளம். அடியில வெள்ளை வெளேர்னு பிளாஸ்டிக் சீலிங் அடிச்சு மூடியிருந்தது. மாடியில இந்தத் தளத்துக்கு மேல தண்ணி தேங்கின பாசியை அப்பத்தான் பாத்துட்டு வந்திருக்கேன். எனக்குப் பொறி தட்டிச்சு.

ஸ்டூலைப் போட்டு ஏறி, சீலிங்ல ஒரு பட்டையோட ஸ்குரூவைக் கழட்டி, டார்ச் அடிச்சேன்.

தளத்துக் கம்பி துருப்பிடிச்சு உப்பி, அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு தொங்குது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காங்கிரீட் துண்டு எப்பவோ பேந்து விழுந்து, அந்தச் சீலிங் மேலயே படுத்துக் கிடக்கு. கடல்காத்து ஊர்ல இதெல்லாம் நான் பாக்காதது இல்ல. நீட்டி நிக்கிற தளம் விழறதா இருந்தா சொல்லிட்டு விழாது.

எனக்குப் பயம் வந்திருக்கணும். சத்தியமாச் சொல்றேன், சந்தோஷம்தான் வந்தது. பழம் நழுவிப் பால்ல விழுந்ததுன்னு இருந்தது.

நாலு போட்டோ எடுத்தேன். பட்டையைப் பழையபடி வெச்சு, ஸ்குரூவை இறுக்கி முடுக்கினேன்.

"டேப் கிடைச்சுதா சார்?" ஜெனிட்டா டீயோட வந்தா.

"கிடைச்சிட்டும்மா."

டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கே டீச்சருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டா என்ன ஆகும்? அவளைத் தனியாக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லி, விஷயத்தை அமுக்கிருவாங்க. சனிக்கிழமைதான் எல்லாரையும் உக்கார வெச்சு, அந்த வாரத்து ரிப்போர்ட்டை எல்லாம் சத்தமா வாசிக்கச் சொல்லுவாங்க. உடையறது நாலு பேர் முன்னாடி உடையட்டும்னு இருந்தேன்.

அந்த வாரம் பூரா தங்கத்துகிட்ட நான் காட்டின அன்பைப் பாத்திருக்கணுமே! வடை வாங்கிக் கொடுத்தேன். "அண்ணாச்சிக்கு என்ன இன்னைக்கு இவ்வளவு பாசம்?"னு சிரிச்சா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

சனிக்கிழமை வந்தது. தங்கம் வாசிச்சா.

"போர்ட்டிகோ தளம். மேலே தண்ணீர் தேங்குகிறது, குழாயை மாற்ற வேண்டும். தளம் நல்ல நிலையில் உள்ளது."

"சீலிங்கைக் கழட்டிப் பாத்தியாம்மா?" நான் பைய கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. கீழேயிருந்து பாத்தேன். நேராத்தான் இருந்தது."

"மூடின இடத்தைத் திறக்க முடியலன்னா 'பாக்கல'ன்னு எழுதணும், 'நல்லாருக்கு'ன்னு எழுதக்கூடாதுன்னு டீச்சர் தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே, மறந்துபோச்சோ?"

போனை எடுத்து மேசை மேல வெச்சேன். நாலு போட்டோ.

டீச்சர் ஒண்ணொண்ணாப் பெருசாக்கிப் பாத்தாங்க. தங்கம் மூஞ்சி வெளிறிப் போச்சு. அழுவா, இல்ல ஏதாவது சாக்கு சொல்லுவான்னு நான் காத்திருந்தேன். நாலு நாள் அதுக்குத்தானே காத்திருந்தேன்.

அவ அழல. போனை எடுத்தா.

"அக்கா, நான் தங்கம் பேசறேன். முன்வாசல் வழியா யாரும் போகாதீங்க, வராதீங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் பின்பக்கம் போயிடுங்க. ஆமாக்கா, இப்பவே. தப்பு என்மேலதான். வந்து சொல்றேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு ஓடியே போயிட்டா.

டீச்சர் முட்டுக் கொடுக்கிற ஜாக்கி கொண்டுவர ஆளுக்குச் சொல்லிட்டு, "வாங்க அண்ணாச்சி"ன்னாங்க. நானும் போனேன்.

ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சீலிங்கை முழுசும் பிரிச்சோம். நான் போட்டோவில பிடிச்சது கொஞ்சம்தான். உள்ள இன்னும் மோசம். எட்டு ஜாக்கி கொடுத்து நிறுத்தினப்புறம்தான் எல்லாரும் மூச்சு விட்டோம். வெறும் கண்ணால பாத்தாலே தளம் ஒரு விரல் அளவு தலை குனிஞ்சிருந்தது.

ஜெனிட்டா பின்பக்கமாச் சுத்திக்கிட்டு வந்தா. நேரா என்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டா.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு தங்கம் சொல்லிச்சு சார். உங்களை அந்த ஆண்டவர்தான் அனுப்பியிருக்காரு. செவ்வாய்க்கிழமை டேப் எடுக்க வந்தீங்களே, அன்னைக்கே உங்க மனசுல ஏதோ பட்டிருக்கும் போல."

டீச்சர் என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க.

"நினைச்சாலே உடம்பு நடுங்குது சார். முந்தாநாள் சின்னவளுக்குப் பிறந்தநாள். பதினேழு பிள்ளைங்க. மழை தூறிச்சேன்னு எல்லாத்தையும் இதுக்கு அடியிலதான் நிக்க வெச்சோம்."

போனைக் காட்டினா. நடுவுல கேக். சுத்தி பிள்ளைங்க, தலையில காகிதக் குல்லா. ஒரு பையன் வாயெல்லாம் கிரீம். சின்னவ கத்தியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா. மேலே சிவப்பும் மஞ்சளுமா பலூன். அதை எல்லாம் சீலிங் ஸ்குரூவுல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க.

"நல்லா இருப்பீங்க சார்"னு அவ திரும்பத் திரும்பச் சொன்னா. நான் குனிஞ்சு, பிரிச்சுப் போட்ட பட்டைகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

ஆபீசுக்குத் திரும்பி வந்தோம். தங்கம் டீச்சர் முன்னாடி போய் நின்னா.

"இனிமே மூடின இடத்தைத் திறக்காம எழுதுவியா?"

"மாட்டேன் டீச்சர்."

"என் தப்பும் இருக்கு. சீலிங்கைத் திறந்தியான்னு கேக்காமலே கீழே கையெழுத்துப் போட்டேன். போய்ச் சாப்பிடு."

அவ்வளவுதான். இதுக்குத்தான் நான் அத்தனை பாடுபட்டேன்.

டீச்சர் பழைய ரிப்போர்ட்டை நாலாக் கிழிச்சாங்க. புதுசா ஒரு தாளை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. பேனாவையும் வெச்சாங்க.

"கண்டுபிடிச்சது நீங்க. நீங்களே எழுதுங்க அண்ணாச்சி. கையெழுத்தும் நீங்களே போடுங்க. ரெண்டு காப்பி எடுக்கணும். ஒண்ணு ஜெனிட்டாவுக்குப் போகும்."

மூணு வருஷம் இதுக்காக ஏங்கியிருக்கேன். குனிஞ்சு எழுதினேன். தளத்தோட நீளம், அகலம், கம்பியோட நிலைமை, என்னத்தை இடிக்கணும், என்னத்தைத் திரும்பக் கட்டணும், எல்லாத்தையும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினேன். எழுத்து அழகாத்தான் வந்தது.

கடைசியில, கையெழுத்துக்கு மேல ஒரு கட்டம். 'குறை கண்ட நாள்'னு போட்டிருந்தது.

எதிர்ல டீச்சர் வேற ஏதோ ஃபைலைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. வெளியே தங்கம் கை கழுவுற சத்தம் கேட்டது.

"டீச்சர்..."

"சொல்லுங்க."

"இதுல என்ன தேதி போட?"

டீச்சர் ஃபைலை மூடிட்டு என்னைப் பாத்தாங்க. கோபமே இல்ல.

"பாத்த தேதியைப் போடுங்க அண்ணாச்சி."