ஆ காட்டிய மீன்

ஆண்டவன் மூளையைப் பந்தி வைத்துப் பரிமாறிய அன்றைக்கு, பாளையங்கோட்டையில் டாக்டர் ஜெயசீலியின் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மூவரும் கை கழுவப் போயிருந்தார்கள். சீட்டுப் போடும் கோமதிநாயகம், கருவி கழுவும் சுடலைமுத்து, கதவு திறக்கும் ஞானராஜ். மூன்று பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கஷ்டமே அதுதான்.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில், பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல்நக நீளத்தில் பத்து சிவப்பு இறால். டாக்டரம்மாவுக்கு அதுகள்தான் உயிர். வெளியூர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்:

“தொட்டியில பாசி பிடிச்சுக் கிடக்கு. பாசி தின்கிற சின்ன மீன் ஒண்ணு வாங்கி விடுங்க. வாயைப் பார்த்து வாங்குங்க, இறால் நுழையக் கூடாது. பத்துல ஒண்ணு குறைஞ்சாலும் மூணு பேருக்கும் வேலை கிடையாது.”

சுடலைமுத்து இறாலை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

மூவரும் கலர் மீன் கடைக்குப் போனார்கள். வாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாரே, அதனால் ஆஸ்பத்திரி டார்ச்சையும் கையோடு கொண்டுபோனார்கள்.

“ஆ காட்டு,” என்றான் சுடலைமுத்து, முதல் மீனிடம். அது காட்டியது. மூடியது. மறுபடியும் காட்டியது.

“நம்ம பேஷண்டு எவனாவது இப்படிச் சொன்ன உடனே காட்டியிருக்கானாடே?” ஞானராஜுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனாலும் வாய் பெரிது. கடைசியில் கடைக்காரர், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கிய ஒரு குச்சி மீனைக் காட்டினார். “பாசியைத் தவிர எதையும் தொடாது.”

டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

“பல்லே இல்லை அண்ணாச்சி! பாவம், டாக்டரம்மாகிட்ட சொல்லி பல்செட் கட்டிக் கொடுப்போமா?” என்றான் ஞானராஜ்.

“கூறு இருக்கா லே? கட்டினா இறாலைத் தின்னுரும்லா,” என்றார் கோமதிநாயகம். யோசனை உள்ள மனுஷன்.

வாங்கிவந்து தொட்டியில் விட்டார்கள். மறுநாள் காலையில் ஞானராஜ் அலறினான். தொட்டிக்குள் அடியில் ஒரு இறால் கிடந்தது. காலிருக்கிறது, மீசையிருக்கிறது, ஓடிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

“சதையை உறிஞ்சிட்டு சட்டையை விட்டுட்டான் பாவி! என் கல்யாணம் போச்சே!” என்று சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

கொலைகாரனைக் கோரியெடுத்து, கைக்குக் கிடைத்த கொப்பளிக்கிற டம்ளரில் போட்டு, டம்ளரை எடுத்த இடத்திலேயே, உள்ளே நாற்காலியோரம், சிறை வைத்தார்கள். பிறகு மிச்சமிருந்ததை எண்ணினார்கள். பத்து.

“பத்து இருக்கே அண்ணாச்சி?”

“அப்போ செத்தது நம்ம ஆள் இல்லை,” என்றார் கோமதிநாயகம். “வெளியூர் இறால்.”

“வெளியூர் இறாலுக்கு இங்க என்ன சோலி?”

“பல்வலியா இருக்கும்.”

“சீட்டுப் போட்டியளா?”

“நான் வர்றதுக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருக்கும் போல.”

“ஐயோ, காத்துக் காத்தே செத்துப்போச்சே!”

மூவரும் தலைகுனிந்து நின்றபோது டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“கூறுகெட்டவங்களா! இறால் வளரும்போது பழைய ஓட்டைச் சட்டை மாதிரி கழட்டிப் போட்டுரும். ஒண்ணும் குறையலை. உங்க வேலை பிழைச்சுது, போங்க.” சொல்லிவிட்டு நோயாளியைப் பார்க்க உள்ளே போனார். நாற்காலியில் உரக்கடை ஐயம்பெருமாள். முப்பது வருஷம் வெற்றிலை போட்ட பல்.

வெளியே சுடலைமுத்து மெதுவாகக் கேட்டான்: “சட்டையைக் கழட்டிட்டுன்னா... அது இப்போ எப்படி நிக்கும்?”

மூவருக்கும் முகம் சிவந்துவிட்டது. காத்திருப்பவர்களில் பொம்பளையாட்களும் இருக்கிறார்கள். ஞானராஜ் தோளில் கிடந்த துண்டை உருவித் தொட்டியை மூடினான். அப்பாடா, மானம் தப்பியது.

உள்ளே டாக்டரம்மாவின் குரல் கேட்டது: “வாய் கொப்பளிங்க.”

அடுத்து ஐயம்பெருமாளின் அலறல். மூவரும் ஓடினார்கள். டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. குச்சி மீன் ஐயம்பெருமாளின் முன்பல்லில் வாயை ஒட்டிக்கொண்டு, மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா ஆ காட்டியபடி நின்றார்.

கோமதிநாயகம் கிட்டப்போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

“டாக்டரம்மா, சீட்டுல பல் கிளீனிங்னும் சேர்த்து எழுதிரட்டுமா?”