மாஜி தலைவர் கட்டையன்

நெடுங்கரை ஏரிக்குத் தொடர்ந்து மூன்று முறை தலைவராக இருந்தது கட்டையன் என்ற காட்டுப்பன்றி.

அந்த ஏரியில் தேர்தல் நடத்தும் முறை எளிது. புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் எல்லா விலங்குகளும் மருத மரத்தடியில் கூடும். தலைவராக ஆசைப்படுபவை முன்னால் வந்து நிற்கும். மற்றவை தங்களுக்குப் பிடித்தவரின் வாலுக்குப் பின்னால் வரிசை கட்ட வேண்டும். யாருடைய வரிசை நீளமோ, அவரே தலைவர்.

கட்டையனின் வரிசை எப்போதும் நீளமாகவே இருந்தது. அதற்குக் காரணம் கிழங்கு. ஏரிக்கரை முழுக்க நாணல் அடர்ந்திருந்தது. நாணலின் காலடியில் கோரைக் கிழங்கு விளைந்து கிடந்தது. தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கட்டையன் தன் இனத்தாரோடு கரையில் இறங்கும். மூக்கால் மண்ணைக் கிளறி எறியும். நாணல் வேரோடு சாயும். கிழங்கு குவியும். எலிக்கு ஒரு பிடி, முயலுக்கு ஒரு பிடி, குரங்குக்கு இரண்டு பிடி.

"நான் இருக்கும்வரை இங்கே யார் வயிறும் காயாது" என்று கட்டையன் முழங்கும். அதை அது மனதார நம்பியும் இருந்தது.

மூன்றாம் தேர்தல் முடிந்து ஐப்பசி மழை வந்தது. பிடித்து வைக்க வேர் இல்லாத கரை ஓரிடத்தில் உடைந்தது. பாதி ஏரி ஒரே நாளில் காட்டுக்குள் வடிந்து போயிற்று. மீன்கள் சேற்றில் துடித்தன. நீலி என்ற நீர்க்கோழியின் கூட்டை ஐந்து முட்டைகளோடு வெள்ளம் அடித்துப் போயிற்று. எருமைகள் மண்ணை மிதித்துத் தள்ளி, எப்படியோ உடைப்பை அடைத்தன.

அந்த வாரமே விலங்குகள் மறுபடி கூடின. செம்பன் என்ற குரங்கு தலைவரானது. கட்டையனுக்குப் பின்னால் அதன் மைத்துனன் தும்பன் மட்டும் நின்றது.

"தப்பா எடுத்துக்காதே மச்சான். அக்கா திட்டுமேன்னுதான் நானும் வந்து நின்னேன்" என்றது தும்பன்.

கட்டையனுக்கு வலித்தது. ஆனாலும் பதவியைவிட வேறொன்று அதை அதிகமாக உறுத்தியது. வாழ்நாளெல்லாம் மண்ணைத் தோண்டிய மூக்கு அது. அடைத்த இடத்தை முகர்ந்து பார்த்ததும் அதற்குப் புரிந்துவிட்டது. அடுத்த மழைக்கு இந்தக் கரை நிற்காது. மறுபடி உடைந்தால் மிச்ச ஏரியும் போய்விடும். கோடையில் குடிக்க அந்தக் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது.

உடனே கட்டையன் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மாசி மாதத்தில் 'நாணல் நடு விழா' எடுத்தது! தவளைகள் பாட்டுக் கச்சேரி வைத்தன. மயில் ஆடியது. கட்டையன் அரை நாள் பேசியது. கடைசியில் ஆளுக்கொரு நாணலை ஊன்றிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

பத்தாம் நாள் நீலி கட்டையனைத் தேடி வந்தது.

"அண்ணே, விழா பிரமாதம். மயில் ஆட்டம் இன்னும் கண்ணுலயே நிக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தண்ணி ஊத்தறது யாரு?"

"தண்ணியா? அதுக்கு ஒரு குழு போடலாம்னு இருக்கேன்மா."

"போடுங்க. குழு கூடி முடிக்கறதுக்குள்ள உங்க நாணல் விறகாயிடும். குருவிங்க இப்பவே கூடு கட்டக் குச்சி பொறுக்கிட்டுப் போகுதுங்க."

கட்டையன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றது நீலி. "அரை நாள் பேசினீங்க. கரை எதனால உடைஞ்சதுன்னு ஒரு வார்த்தை வரலையே."

எத்தனையோ மேடைகளில் பேசிய வாய் கட்டையனுடையது. இப்போது அது மெதுவாகச் சொன்னது: "கரையை உடைச்சது மழை இல்லம்மா. நான்தான்."

"அது ஏரிக்கே தெரியும். உங்க வாயால வரத்தான் இத்தனை நாளாச்சு" என்றது நீலி. "சரி, பேச்சு போதும். தண்ணிக்கு வழி பாருங்க."

பன்றியால் குடமா தூக்க முடியும்? கட்டையன் யோசித்தது. பிறகு ஏரிக்குள் இறங்கிச் சேற்றில் நன்றாகப் புரண்டது. அப்படியே சொட்டச் சொட்டக் கரையேறி, ஒரு நாணலின் அருகே நின்று உடம்பை உதறியது. ஈரச் சேறு வேரில் விழுந்தது. மறுபடி இறங்கியது. அடுத்த நாணல். காய்ந்தவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டது. இப்படியே காலையும் மாலையும்.

மரத்தில் இருந்த குரங்குகளுக்கு நல்ல வேடிக்கை. "மாஜி எதுக்குடா இந்தக் குளியல் குளிக்குது?"

"செஞ்சதைக் கழுவுதாம்டா!"

கட்டையன் காதில் விழாததுபோல் நடந்தது. ஆனால் எல்லாம் விழுந்தது.

ஆவணியில் கரையின் முக்கால் பங்கில் நாணல் தழைத்தது. கூடவே கிழங்கும் விளைந்தது. வாசனை பிடித்துக்கொண்டு தும்பன் ஓடி வந்தது.

"மச்சான், உனக்கு நல்ல காலம்! தேர்தல் வருது. 'கரையைத் தோண்டிக்கலாம்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நாற்காலி உனக்குத்தான்."

கட்டையனின் மூக்கு தானாகத் துடித்தது. எத்தனை மாதமாயிற்று கிழங்கு தின்று! தலைவர் என்று யாராவது கூப்பிட்டும் எத்தனை மாதமாயிற்று!

தேர்தல் நாளில் அது முன்னால் போய் நின்றது. "இந்தக் கிழங்கை உங்களுக்கு வாரிக் கொடுத்துத்தான் நான் கரையை உடைச்சேன். ரெண்டு மழைக்காலம் கரையில யாரும் மூக்கு வைக்கக் கூடாது. முதல்ல என் இனம் வைக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் சொல்றது."

தும்பன் தலையில் அடித்துக்கொண்டு செம்பனின் வரிசைக்குப் போயிற்று. கட்டையனுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். முதல் ஆள் நீலி. கட்டையன் தோற்றது. ஆனால் மறுநாள் விடியும்போது அந்த ஏழு பேரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரையும் அது கூப்பிடவே இல்லை.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் அடைமழை. ஏரி கரையின் விளிம்பைத் தொட்டது. நாணல் இருந்த இடமெல்லாம் அசையாமல் நின்றது. நாணல் நடாத கால் பங்கில் மண் சரிய ஆரம்பித்தது.

செம்பன் நனைந்துகொண்டே ஓடி வந்தது. "அண்ணே, என்ன செய்யணும்?"

"தம்பி, எல்லாரையும் கூட்டிட்டு வா. பன்றிங்க முன்னால வரட்டும்."

பன்றிகள் மூக்கால் மண்ணை முட்டி மேலே ஏற்றின. எருமைகள் மிதித்து இறுக்கின. குரங்குகள் கிளைகளை ஒடித்துக் கொடுத்தன. தும்பனும் முணுமுணுத்துக்கொண்டே முட்டியது. நான்காம் நாள் மழை ஓய்ந்தது. ஏரி ததும்பி நின்றது. கரை நின்றது.

செம்பன் கூட்டத்தின் நடுவே சொன்னது: "அண்ணே, நீங்களே தலைவரா இருங்க. நான் இறங்கிக்கறேன்."

கட்டையனுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"வேண்டாம் தம்பி. நாற்காலியில உட்கார்ந்தா நான் மறுபடி விழா எடுக்க ஆரம்பிச்சிடுவேன். கரையில யாரும் தோண்டக் கூடாதுன்னு நீ உத்தரவு போடு. காவல் நான் பாத்துக்கறேன்."

செம்பன் அங்கேயே உத்தரவு போட்டது. அடுத்து வந்த கோடையில் காட்டில் ஓர் உயிரும் தாகத்தால் வாடவில்லை.

தன் தவறைச் சொல்லி ஒப்புக்கொள்பவனை ஊர் பாதிதான் நம்பும். அதைத் தினமும் தன் உடம்பால் திருத்துகிறவனையே முழுதாக நம்பும்.