ஒய்யாண்டிக்குத் துப்பாக்கிக் காப்பு எடுத்த கதை

ஆமணக்கம்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே வெளியூர் கிளம்பினால், திரும்பி வர வழி தெரியவேண்டுமே என்று ஒருவனை ஊரிலேயே நிறுத்தி, விடாமல் இருமிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அந்த ஊரில் ஒச்சம்மா என்று ஒருத்தி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பட்டி ஆடுதான் அவளுக்குச் சொத்து, சொந்தம், பேச்சுத்துணை எல்லாம். சந்தைக்கு முதல் நாள் மத்தியானம், ஊர் உண்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து ஒரு திருடன் வருவான். ஓர் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போவான். வாரம் தவறியதில்லை, அந்த ஊரில் நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

"ஏய்யா, இத்தனை ஆம்பிளைங்க இருக்கீங்களே, ஒருத்தன் கம்பைத் தூக்கக் கூடாதா?" என்று ஒச்சம்மா கத்தினாள்.

தூக்கியிருப்பார்கள். ஆனால் போன வருஷம் சீனியப்பன் வேறொரு திருடனை உலக்கையால் ஒரு போடு போட்டான். போலீஸ் வந்து திருடனை ஆஸ்பத்திரியில் வைத்தது, சீனியப்பனை லாக்கப்பில் வைத்தது. திருடனுக்குப் பாலும் ரொட்டியும் கிடைத்தது. சீனியப்பனுக்குக் கிடைத்தது வேறு. அன்றிலிருந்து திருடனைக் கண்டால் ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று வழிவிடும்.

"இந்த வாரமும் ஓர் ஆடு போச்சுன்னா, மிச்சத்தை ஓட்டிக்கிட்டு என் தங்கச்சி ஊருக்கே போயிடுவேன். அப்புறம் டீக்குப் பாலுக்கு எங்க போவீங்கன்னு பாக்குறேன்" என்றாள் ஒச்சம்மா.

ஊர் வெலவெலத்துப் போயிற்று. ஊர்ப் பெரியவர் கொண்டல்சாமி, உலக்கை சீனியப்பனைக் கூட்டிக்கொண்டு டவுன் வக்கீல் வேதாசலத்திடம் போனார்.

வக்கீல் பொறுமைசாலி. அன்று காலைவரை அப்படித்தான் இருந்தார். "இதுக்கு ஒரு காப்பீடு இருக்கு. தற்காப்புக்காக ஆயுதம் எடுத்து, அதனால உங்க மேல கேஸ் வந்தா, கேஸை நாங்க நடத்துவோம். ஒரு ஆளுக்கு மட்டும்னா நிபந்தனை ஒரு தாள். ஊருக்கே வேணும்னா ஒரு கட்டு. எது வேணும்?"

ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் கொண்டல்சாமி மட்டும்தான். அதுவும் ஒரு தாளுக்கு மேல் போனால் தலை சுற்றும். ஆகவே ஒரு ஆளுக்கே எடுத்தார்கள்.

"ஆயுதம் கம்பா, அரிவாளா, துப்பாக்கியா? உங்ககிட்ட எது இருக்கோ அதுக்கு எடுங்க."

இருவரும் மூலையில் போய் ஆலோசித்தார்கள்.

"கம்பு நம்மகிட்ட இருக்கு, பெரியவரே."

"அரிவாளும் இருக்கு. பரண்ல பத்திரமா இருக்கு. பத்திரமா இருக்குறதுக்கு எதுக்கப்பா காப்பு?"

"அப்ப இல்லாதது துப்பாக்கிதான்."

"அதுக்குத்தான் காப்பு வேணும். பாவம், அதைப் பாத்துக்க யாரும் இல்லை."

துப்பாக்கிக்கே எடுத்தார்கள். வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். உயிருக்குப் பயந்துதான் சுடவேண்டும்; வீரத்தைக் காட்டச் சுட்டால் செல்லாது. தப்பி ஓட வழி இருந்தால் ஓடிவிடவேண்டும். முதல் அடி எதிராளியுடையதாக இருக்கவேண்டும். "எல்லாத்தையும்விட முக்கியம், யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. 'எங்க வக்கீல் பேசுவார்'னு மட்டும் சொல்லணும். சரி, யார் பேர்ல எழுதட்டும்?"

"உயிருக்குப் பயப்படணும்னு சொன்னீங்களே, அப்படின்னா ஒய்யாண்டிதான்" என்றார் கொண்டல்சாமி.

ஒய்யாண்டியைப் போன்ற பயந்தாங்கொள்ளி அந்தச் சீமையில் கிடையாது. தும்மல் வந்தால் யாரோ பின்னால் அதட்டியதாக நினைத்து மன்னிப்புக் கேட்பான். இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்?

தாளோடு ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை ஒய்யாண்டியின் பெண்டாட்டி, "இன்னொரு தோசை போடவா?" என்று கேட்டாள். "எங்க வக்கீல் பேசுவார்" என்றான் அவன். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவனுக்கு வக்கீல் வந்து பேசினால்தான் சோறு என்று ஆகிவிட்டது.

சந்தைக்கு முதல் நாள் வந்தது. பச்சையம் ஆசாரி புளியங்கட்டையில் செய்த துப்பாக்கியை ஒய்யாண்டியின் கையில் கொடுத்து, ஆட்டுப்பட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொண்டல்சாமி தாளைப் பார்த்தார்.

"பயம் இருக்கா?"

"இருக்கு... எங்க வக்கீல் பேசுவார்."

"பயம் சரி. ஓட வழி இருக்கே! பட்டியில படல் திறந்து கிடக்கு, இவனுக்குக் காலும் ரெண்டு இருக்கு. இப்படி இருந்தா சட்டப்படி இவன் ஓடணும்."

எனவே ஒய்யாண்டியைக் கம்பத்தோடு சேர்த்து ஆட்டுக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஒச்சம்மாவைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பேர் தாளில் இல்லையாம், அதனால் அவள் பயப்படுவதற்கு அனுமதி இல்லையாம். ஆண்கள் எல்லாரும் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

திருடன் வந்தான். கம்பத்தில் ஓர் ஆள் கட்டுண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"அடப்பாவமே! எனக்கு முன்னாடியே எவனோ வந்துட்டானா? என்ன இருந்தாலும் மனுஷனை இப்படியா கட்டிப்போடுறது? இந்தத் தொழிலுக்கே கெட்ட பேரு" என்று சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்துவிட்டான்.

கட்டு அவிழ்ந்ததும் ஓட வழி வந்துவிட்டது. வழி வந்தால் ஓடவேண்டும். ஒய்யாண்டி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, நிபந்தனை பிசகாமல் ஓடினான்.

"சட்டத்தை மதிக்கிற பய" என்று வைக்கோற்போருக்குப் பின்னால் பாராட்டு எழுந்தது.

ஆனால் திருடன் ஆட்டின் கயிற்றில் கை வைத்ததும் எல்லாருக்கும் டீ ஞாபகம் வந்தது. ஓடிவந்து அவனைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"தம்பி, நீ செஞ்சது நியாயமில்லை. ஒண்ணும் அடிக்காம கொள்ளாம ஆட்டை ஓட்டினா எப்படி? எங்கள்ல யாரையாவது ஓர் அடி அடி" என்றார் கொண்டல்சாமி.

"நான் கை நீட்டுற ஆளு இல்லைங்க. ஆட்டோட சரி."

"சும்மா கூச்சப்படாத. மெதுவா ஒண்ணு."

"எனக்கு அடிக்கத் தெரியாதுங்க, அண்ணே!"

"இது என்ன பெரிய வித்தை? இந்தா, இப்படி" என்று சீனியப்பன் சொல்லிக்கொடுக்கும் பாவனையில் அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தான்.

கொண்டல்சாமி தாளைப் பிரித்தார், திருடனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏப்பா, உனக்கு இப்ப உயிருக்குப் பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்குங்க."

"ஓட வழி?"

"எங்கிட்டுங்க? சுத்தி நிக்கிறீங்களே!"

"முதல் அடி எதிராளி அடி, அதாவது நம்ம அடி. மூணும் பொருந்துது!" கொண்டல்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை பாடுபட்டோம், நம்ம ஒய்யாண்டிக்கு இது அமையலையே! நியாயம்னா நியாயம்தான். துப்பாக்கியை எடுத்து இவன் கையில கொடுங்க. சுடு, ராசா. உன் பக்கம் சட்டம் நிக்குது."

"ஐயா, இது கட்டைங்க."

"சுடுறியா இல்லையா? ஊரே வேலையை விட்டுட்டு நிக்குது!"

இவர்களிடமிருந்து தப்பினால் போதும் என்று திருடன் கட்டையை நீட்டி, வாயாலேயே, "டுமீல்" என்றான்.

அத்தனை பேரும் செத்து விழுந்தார்கள். ஓரத்தில் நின்ற பச்சையம் ஆசாரிக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. அவர் நிதானமாகத் துண்டை விரித்துப் போட்டுச் செத்தார்.

திருடன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நகரப் பார்த்தான். காலடியில் செத்துக் கிடந்த சீனியப்பன் கண்ணைத் திறந்து, "தம்பி, ஆட்டை ஓட்டாத. இத்தனை கொலை பண்ணிட்டு ஆட்டையும் ஓட்டினா, திருட்டுக் கேஸும் சேந்துக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். லாக்கப்பைப் பாத்தவன் நான்" என்றான்.

"கொலையா? ஐயோ, நான் பிள்ளைகுட்டிக்காரனுங்க!" என்று அலறிக் கயிற்றை உதறிவிட்டுத் திருடன் ஓட்டமாய் ஓடினான். வெளியூர்க்காரன்தான், ஆனாலும் அந்த ஊர்க் காற்று அப்படி.

ஒச்சம்மா குடத்தோடு வந்து பார்த்தாள். ஆடுகள் ஒன்று குறையாமல் நின்றன. ஆண்கள்தான் வரிசையாகக் கிடந்தார்கள்.

"என்னய்யா இது?"

"செத்துட்டோம், ஒச்சம்மா" என்றார் கொண்டல்சாமி. "உன் ஆட்டுக்காக."

அவளுக்குத் துக்கம் பொங்கிவிட்டது. பெண்களெல்லாம் ஓடிவந்து மாரடித்து அழுதார்கள். எரிக்கலாம் என்றால் இத்தனை பேருக்கு விறகில்லை. புதைக்கலாம் என்றால் குழி வெட்டுகிற ஆட்களும் செத்துக் கிடந்தார்கள். சுடுகாட்டு வழியெல்லாம் நெருஞ்சி முள், செருப்பில்லாமல் வரமுடியாது என்று பிணங்களும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டன. சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கருமாதிச் சோற்றை முதலில் போட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. உயிரோடு மிஞ்சிய ஒரே ஆண்பிள்ளையான ஒய்யாண்டி மொட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் சடங்கு செய்தான்.

"எனக்காக உசிரைக் கொடுத்தவங்க, வெறும் சாம்பார் ஊத்தியா அனுப்புவேன்?" என்று ஒச்சம்மா பட்டியையே காலி செய்தாள். கடைசி ஆடுவரை கறியாயிற்று. முதல் பந்தியில் செத்தவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பந்தியிலும் அவர்களே உட்கார்ந்தார்கள்.

அடுத்த சந்தைக்கு முதல் நாள் மத்தியானம், மனசு கேட்காமல் திருடன் மெல்ல வந்து எட்டிப் பார்த்தான். வெறும் பட்டியின் நடுவே ஒச்சம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வாடா வா! இப்ப என் ஆட்டுல ஒண்ணைத் திருடிக் காட்டு, பாப்போம்!"

அவளுக்குப் பின்னால் செத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.