ஆற்று மணலில் துரையின் கார்

வீரபத்திரர் அழகம்மையின் மடத்துக்குச் சீடராக வந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. குரு அவரைவிட இளையவர். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. குறையெல்லாம் முதுகில் இருந்தது. மறியல் நடந்த வருஷம், வெள்ளைக்காரத் துரை ஒருவரின் காருக்கு வழிவிடாமல் நின்றதற்காக வாங்கிய சவுக்கடித் தழும்புகள்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகிறான் என்று ஊரே பேசியது. அவர் மட்டும் நம்பவில்லை.

"வேரோடிப்போனவர்கள் அம்மா. எப்படிப் போவார்கள்?"

அழகம்மை பதில் சொல்லுமுன் ஆற்றுப் பக்கம் ஹாரன் அலறியது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். அதே துரை. கார் ஆற்றின் நடுவே, தண்ணீருக்குள் மணலில் புதைந்து கிடந்தது. பின்சீட்டில் பெட்டி படுக்கை. டிரைவர் இல்லை, தானே ஓட்டி வந்திருந்தார்.

"ஏய், வா! தள்ளு!" என்றார் துரை.

வீரபத்திரர் ஓரடி பின்வாங்கினார். குருவைப் பார்த்தார்.

"மனசில் இருப்பதைச் சொல்லும்," என்றார் அழகம்மை.

"முடியாது!"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதுகு தானாகக் குறுகியது.

அடி விழவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது. கண் திறந்தபோது, துரை பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று தனியாகக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. நரைத்த மனிதர். மூச்சு வாங்கியது.

வீரபத்திரருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் அடங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டினார், தண்ணீரில் இறங்கினார்.

துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். "தயவுசெய்து," என்றார் மெதுவாக.

இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கார் கரையேறியது; துரை ஏறிக்கொள்ள, ரயிலடிப் பக்கம் போய் மறைந்தது.

வீரபத்திரர் ஈர வேட்டியோடு திரும்பி வந்தார். நெஞ்சிலிருந்து பெரிய மூச்சொன்று இறங்கியது.

"எத்தனை கப்பல், எத்தனை பீரங்கி! எப்படி அம்மா சரிந்தது அந்த ஆட்சி?"

"மலைக்கோட்டை மேல் வெள்ளைக்காரர்கள் பீரங்கி ஏற்றினார்களே, அதை இழுத்தது யார் கை?"

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். "நம் ஆட்கள் கைதான்."

"அந்தக் கை களைத்துவிட்டது, வீரபத்திரரே. வாரும், சாப்பிடலாம்."