தவளை அரசனின் நீண்ட மரணம்

கார்ட்டூன் படம் வரையக் கற்பதற்காக அருளப்பன் கோடம்பாக்கத்தில் நப்பின்னையின் கூடத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நப்பின்னை அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அருளப்பன் அவரை "டீச்சர்" என்று அழைத்தார். அவர் இவரை "சார்" என்றார். இருவரில் எவரும் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் நப்பின்னை ஏழு நிமிடப் படமொன்றை அருளப்பனிடம் ஒப்படைத்தார். பழைய ராஜா கதைப் படம் ஒன்றின் பகடி அது. அந்தப் படத்தில் நாயகராக நடித்த மார்த்தாண்டன், நெஞ்சில் அம்பு தைத்த பிறகும் பதினொரு நிமிடம் வசனம் பேசித்தான் உயிர் விடுவார்.

அருளப்பன் அவரைத் தவளை அரசனாக வரைந்தார். தவளை பேசப் பேச, அம்பு எய்த வீரனின் தாடி நரைக்கிறது. நெஞ்சில் தைத்த அம்பு துளிர்விட்டுக் காய்க்கிறது. வைத்தியர் ஒரு காயைப் பறித்துத் தின்கிறார்.

தவளைக்குக் குரல் கொடுக்க மார்த்தாண்டனே இசைந்திருந்தார். வேறு குரலில் இந்தப் படம் வெளிவராது என்று நப்பின்னை முதல் நாளே சொல்லியிருந்தார்.

மார்த்தாண்டன் ஒருநாள் வந்து, குரல் சேர்க்காத படத்தைப் பார்த்தார். கூடத்தில் வேலை செய்த ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். எழுபத்தொன்பது வயதான அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வரைந்த கை தேர்ந்த கைதான். குரலுக்கு வேறு ஆளைப் பாருங்கள், அம்மா."

அவர் போன பின் அருளப்பன் நப்பின்னையிடம் வந்தார்.

"டீச்சர், ஐயாயிரம் ஓவியமும் குப்பைக்குப் போகும். அது கிடக்கட்டும், அந்த மனிதரைப் புண்படுத்திவிட்டேன். தாடியை எடுத்துவிடட்டுமா? வசனத்தைக் குறைக்கட்டுமா?"

"ஒரு கோட்டையும் தொடாதீர்கள்."

"அப்படியானால் எதுதான் பிழை?"

தவளை அழும் ஓவியத் தாள்களை எடுத்து நப்பின்னை கட்டைவிரலால் விசிறிப் பார்த்தார்.

"இந்த அழுகையை எதைப் பார்த்து வரைந்தீர்கள்?"

"அவருடைய படத்தைப் பார்த்துத்தான். ஒவ்வோர் இடமாக நிறுத்தி, எங்கெங்கே மிகையாக நடிக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்."

"சிவப்புப் பென்சிலாலா?"

அருளப்பன் தலையாட்டினார். சிவப்புப் பென்சில்தான்.

அந்தக் கூடத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முகக்கண்ணாடி உண்டு. கோபத்தை வரைய வேண்டியவர் முதலில் கண்ணாடிமுன் தாமே கோபித்துப் பார்ப்பார். அருளப்பனின் கண்ணாடிமேல் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. நப்பின்னை அதைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நெஞ்சில் அம்பு. இரண்டு கண்ணிலும் நீர் நிறைய வேண்டும், சொட்டக் கூடாது. வசனம் தடைபடக் கூடாது. செய்யுங்கள், சார்."

அருளப்பன் முயன்றார். புருவம் ஏறியது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நீர் மட்டும் வரவில்லை. இரண்டாம் வாக்கியத்தில் மூச்சு முட்டிற்று.

வண்ணம் தீட்டும் எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், தும்மல் வருதா?"

ஆறு பேரும் சிரித்தனர். அருளப்பனின் காது மடல் சிவந்தது. அவர் மீண்டும் முயன்றார். முன்னிலும் கேவலமாக வந்தது. மூன்றாம் முறை முயலுமுன், மார்த்தாண்டனின் அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தார். இம்முறை இடையில் எங்கும் நிறுத்தவில்லை.

"இந்த மனிதர் பதினொரு நிமிடம் இதைத் தாங்குகிறாரே, டீச்சர்."

"இப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தீர்கள் அல்லவா? அதை வரையுங்கள்."

நாற்பது நாள் ஆயிற்று. மார்த்தாண்டனை மறுபடி அழைக்க நப்பின்னை தாமே அவர் வீட்டுக்குப் போனார். அவர் வந்தார், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

தாடி நரைத்தது. அம்பு காய்த்தது. வைத்தியர் தின்றார். எதுவும் மாறவில்லை. அருளப்பன் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அப்போது திரையில் தவளையின் வாயசைவு பாதியில் நின்றது. படத்தின் ஓரத்தைப் பிடித்து அது வெளியே எட்டிப் பார்த்தது. அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஓவியர் ஒருவர், கண்ணாடிமுன் வாயைக் கோணிக்கொண்டு அழ முயல்கிறார். தவளை தலையில் அடித்துக்கொள்கிறது. நெஞ்சில் தைத்த அம்போடு மேசைமேல் ஏறி, அவருடைய தாடையைப் பிடித்துத் திருத்துகிறது. புருவத்தை இறக்குகிறது. அப்படியும் வரவில்லை. மணிக்கட்டைப் பார்த்து, தனக்கு நேரமாகிறது என்று கைகாட்டிவிட்டு, திரும்பி ஓடிப் போய்ச் சாகிறது.

மார்த்தாண்டன் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கோணவாயர் யார்?"

"நான்தான், ஐயா."

"சகிக்கவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு எவனாவது அழுவானா? சரி, ஒலிப்பதிவு என்றைக்கு?"

அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு இருவரும் படியேறினர். அருளப்பன் பாதிப் படியில் நின்றார்.

"டீச்சர், அவரைக் கேலி செய்ததில் ஒன்றையும் நான் குறைக்கவில்லை. அன்றைக்கு எழுந்து போனவர் இன்றைக்கு எப்படிச் சிரித்தார்?"

"அன்றைக்கு அந்தப் படத்தில் அவர் தனியாக இருந்தார், சார்."