நடுக்கோட்டுக்கு ஒரு சாண்

குருவைவிடச் சிஷ்யைக்கு ஐந்து வயது கூடுதல். அதனால் தெருவுக்கு ஒரு முறை, களத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டார்கள். தெருவில் பார்த்தால் மரியபுஷ்பம், "ஏட்டி ராணி, மீன்காரன் போயிட்டானா?" என்பாள். கபடிக் களத்தில் கால் வைத்துவிட்டால் "கோச்", "நீங்க". ஜெபராணிக்கு இரண்டு இடத்திலும் அவள் அக்காதான்.

ஜெபராணி முட்டி உடையும்வரை பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். உடைந்த பிறகு ஊருக்கு வந்து, உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ஓர் அணி உண்டாக்கினாள். உப்பு வாரி முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் மூச்சுத்தான்.

எதிரணியின் பகுதிக்குள் பாடிப் போகிறவள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே போய், யாரையாவது தொட்டு, அதே மூச்சில் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். வழியில் மூச்சு அறுந்தால் அவள் கதை முடிந்தது. கடிகாரம் வைத்து ஆடுவதெல்லாம் பெரிய ஊர்களில். இந்தப் பக்கத்து ஆட்டங்களில் மூச்சுத்தான் கடிகாரம்.

ஜெபராணியிடம் ஒரு பழக்கம் உண்டு. தன் ஆள் பாடிப் போகும்போது கோட்டோரம் நின்று தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவாள். சத்தம் வராது. உதடு மட்டும் அசையும். புஷ்பத்தைப் பழக்கியதும் அப்படித்தான். இருவரும் எதிரெதிரே நின்று ஒன்றாகத் தொடங்குவார்கள். முதலில் யாராவது ஒருத்தி முந்தி முடிப்பாள். போகப்போக இரண்டு மூச்சும் ஒரே நீளத்துக்கு வந்துவிட்டன.

குருவிக்காட்டில் இறுதி ஆட்டம். வேன் கிளம்பியதுமே சண்டை தொடங்கிவிட்டது.

"எந்த வெளையாட்ட வேணும்னாலும் சொல்லு. கேரத்துக்கு ஈடு கெடையாது" என்றார் ஓட்டுநர் சுடலைமணி. "ஒரு விரலு. ஒரு ஸ்ட்ரைக்கர். ஆண்டவனே வந்தாலும் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்து பாக்கத்தான் முடியும்."

"பவுடர் போடாட்டி ஒம்ம விரலு என்ன செய்யும் அண்ணாச்சி?" என்றாள் இசக்கி. அவள்தான் அணியில் இளையவள். எதிராளியின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். "நீச்சல சொல்லுங்க. தண்ணிக்குள்ள எறங்கிட்டா பவுடரும் இல்ல, ஸ்டூலும் இல்ல."

"பளு தூக்குறது" என்றது பின் சீட்டு.

"அதுல என்னட்டி தெறமை? தெனமும் உப்பு மூட தூக்கலியா நாம? எவனாவது ஒரு கப்பு குடுத்தானா?"

வேன் குலுங்கியது. பள்ளத்தினாலா சிரிப்பினாலா என்று சொல்ல முடியாது.

புஷ்பம் முன் சீட்டின் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். பேசினால் நின்றுகொண்டு பேசுவதுதான் அவள் வழக்கம்.

"கேளுங்கட்டி. ஏழு பேர் நிக்கா. நடுவுல நான் ஒருத்தி போறேன். கையில மட்டை இல்ல, பந்து இல்ல. வாயத் தொறந்து பேசக்கூட முடியாது. என் மூச்சு தீருததுக்குள்ள தொட்டுட்டு வரணும். இதவிடத் தனியா ஒரு மனுசி எங்க நிக்க முடியும்?"

"அப்ப நாங்க? பின்னால நின்னு கோலம் போடவா?"

"ஒன்னச் சொல்லல இசக்கி. பாடிப் போறதச் சொல்லுதேன்."

"பாடிப் போறவ பாயிண்டோட வருவா. பிடிக்கறவ சிராய்ப்போட வருவா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"கோச் சொல்லட்டும்" என்றது பின் சீட்டு. "கோச், நீங்க சொல்லுங்க. எந்த வெளையாட்டுக்குத் தனித் தெறமை அதிகமா வேணும்?"

ஜெபராணி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி" என்றாள். "ஸ்டியரிங்குல கேரம் ஆடாதீங்க."

சுடலைமணி சுண்டிக்கொண்டிருந்த விரலை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு குருவிக்காடு வரும்வரை சிரிப்பில் யாராலும் ஒழுங்காகச் சண்டை போட முடியவில்லை.

புஷ்பம் மட்டும் சீக்கிரம் சிரிப்பை முடித்துக்கொண்டாள். ஜெயிக்கிற அணி திண்டுக்கல்லுக்கு, மாநிலப் போட்டிக்குப் போகும். அவளுக்கு வயது முப்பத்தாறு. மாடிப்படி இறங்கும்போது முட்டிக்குள் உப்பை அரைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வருடம் என்று மற்றவர்கள் பேசும்போது அவள் தலையாட்டுவாள். அடுத்த வருடம் தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். திண்டுக்கல்லுக்குப் போனால் இந்த வருடம்தான்.

எதிரணி மேட்டுப்பட்டி. எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். கால் நீளம், கை நீளம், சடையைக் கொண்டையாகச் சுருட்டி நாடா கட்டியிருந்தார்கள். உப்பளத்து அணி களத்தில் இறங்கியபோது கூட்டத்தில் யாரோ, "அம்மாமார்லாம் வந்துட்டாங்கப்பா" என்றான். இசக்கி முதல் பிடியிலேயே மேட்டுப்பட்டியின் கேப்டனைக் கணுக்காலில் பிடித்து மண்ணில் கிடத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

இவர்கள் இரண்டு எடுத்தால் அவர்கள் மூன்று எடுத்தார்கள். அவர்கள் மூச்சு விடுவதற்குள் இவர்கள் இரண்டு எடுத்தார்கள். மைக்கில் வர்ணித்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் பேண்டு செட்டுக்காரர்கள் பரிசளிப்புக்கென்று வந்தவர்கள், யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார்கள். வெயில் சாய்ந்து, கூட்டம் கோட்டுக்கு மேலேயே வந்து நின்றது.

கடைசியாகப் பாடிப் போகும் முறை புஷ்பத்துக்கு விழுந்தது.

மேட்டுப்பட்டி ஒரு புள்ளி முன்னால். அந்தப் பக்கம் மூன்று பேர் மிச்சம். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பினால் சமன். ஜெயிக்க இரண்டு பேர் வேண்டும்.

புஷ்பம் குனிந்து நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். போனாள்.

வலது மூலைக்குப் போவதுபோல் போய், இடது காலை வீசினாள். பெருவிரல் நுனியில் ஒரு துணி உரசியது. ஒன்று. திரும்புவதற்குள் கணுக்காலில் பிடி விழுந்தது. தொடப்பட்டவள் இடுப்பைக் கட்டினாள். மூன்றாமவள், அந்த நெட்டைக் கேப்டன், பறந்து வந்து முதுகில் விழுந்தாள். புஷ்பம் முகம் குப்புற மண்ணில்.

கபடி கபடி கபடி.

பிடித்தவர்களோடு கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட். முழங்கையை மண்ணில் ஊன்றினாள். இழுத்தாள். மூன்று பெண்கள் அவள்மேல் உப்பு மூடைபோல் கிடந்தார்கள். மூடை இழுத்துப் பழகிய முதுகு. நகர்ந்தது. கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. பேண்டு செட்டு எதை அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தது.

கபடி கபடி.

கோட்டுக்கு ஒரு சாண்.

அப்போது மூச்சு தீர்ந்தது. வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கன்னம் மண்ணில் கிடந்ததால் அவளுக்குக் கோட்டோரம் தெரிந்தது. ஜெபராணியின் முகம் தெரிந்தது. அவள் உதடு நின்றிருந்தது. நின்று, திறந்து, காற்றை இழுத்தது.

புஷ்பமும் இழுத்தாள். ஒரு மிடறு. வாயில் பாதி மண்.

கபடி.

கை கோட்டைத் தாண்டி விழுந்தது.

நடுவர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், விசிலை ஊதினார். மூன்று பேரும் அவுட்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதை யாராலும் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. இசக்கி அழுதாள். பின் சீட்டுக்காரர்கள் புஷ்பத்தைத் தூக்கிப் பாதியில் கீழே போட்டுத் திரும்பத் தூக்கினார்கள். சுடலைமணி வேன் சாவியைத் தொலைத்துவிட்டு அதைப் பற்றிக் கவலைப்படாமல் வந்தார்.

"தாயி, கேரம் போர்ட வெறகுக்கு ஒடச்சிடுதேன்" என்றார். "நீ சொன்னதுதான் சரி. ஏழு பேருக்கு நடுவுல ஒருத்தி."

"மூணு பேரு அண்ணாச்சி. மத்தவளுவள நாங்க முன்னாலயே அனுப்பிட்டோம்" என்றாள் இசக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சரி, மூணு. அந்த மூச்சு இருக்கே."

"அக்கா, திண்டுக்கல்லுல தலப்பாக்கட்டு பிரியாணி."

"போறதே பிரியாணிக்குத்தானா?"

"வேற எதுக்கு?"

புஷ்பம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூட்டத்தில் தேடினாள். எல்லாரும் வந்து கட்டிக்கொண்டார்கள். ஜெபராணி வரவில்லை. அவள் தூரத்தில், காலி குடங்களையும் முட்டி உறைகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மைக் பேசியது. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார். பரிசளிப்பு இன்னும் சற்று நேரத்தில். முடிவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கேப்டன்கள் அதற்குள் மேடைக்கு வந்து சொல்லலாம். கப்பைக் கையில் வாங்கிய பிறகு யார் சொன்னாலும் எடுபடாது.

உப்பளத்து அணிக்குக் கேப்டன் புஷ்பம்தான்.

மேட்டுப்பட்டிக் கேப்டன் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். சந்தனமாரி என்று பெயர் சொன்னாள். முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது.

"அக்கா, என்ன மூச்சுக்கா ஒங்களுக்கு" என்றாள். "எங்க கோச் எங்களத் திட்டுதாரு. அந்த அம்மாவப் பாருங்க, மூணு பேரு மேல கெடந்தும் விடல, நீங்கல்லாம் எதுக்குச் சோறு திங்கீங்கன்னு." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எப்படிக்கா பழகுனீங்க? எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

புஷ்பம் அவள் முழங்கையைப் பிடித்து மண்ணை ஊதிவிட்டாள்.

"தண்ணி ஊத்திக் கழுவும்மா மொதல்ல" என்றாள்.

சந்தனமாரி தன் ஆட்களிடம் ஓடினாள். அவர்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் காலைப் பரப்பிக்கொண்டு, வாயைத் திறந்து, 'கபடி கபடி' என்று தனக்குத்தானே மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பம் மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக் குழாயடிக்குப் போனாள். ஜெபராணி அங்கே குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். புஷ்பம் பக்கத்துக் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள். மண் போனது. இன்னொரு முறை கொப்பளித்தாள்.

"ஆட்டத்துல இதெல்லாம் சகசம்னு சொல்லுவாங்க" என்றாள்.

ஜெபராணி குடத்தையே பார்த்தாள்.

"அவளுவளும் ரெண்டு தடவ மூச்சத் திருடுனாளுவ. நான் கேட்டேன். நடுவரு ஊதல."

"ம்."

"நான் ஒருத்தி மட்டும்னா பரவால்ல கோச். பிள்ளைகள் ஆடிக்கிட்டுக் கெடக்கு. இசக்கி பொறந்ததுலருந்து தூத்துக்குடி தாண்டல. அதுகிட்டப் போயி என்ன சொல்ல?"

குடம் நிரம்பியது. ஜெபராணி குழாயை மூடினாள். பந்தலிலிருந்து பேண்டு செட்டின் சத்தம் வந்தது. இப்போது ஒழுங்கான ஒரு மெட்டை வாசித்தார்கள். விருந்தினரின் கார் வந்துவிட்டிருக்க வேண்டும்.

"ஏதாச்சும் சொல்லுங்க கோச்."

"என்ன சொல்ல?"

புஷ்பம் தன் குழாயை மூடினாள். காலையில் கேட்டதையே கேட்டாள்.

"வேன்ல எல்லாரும் கேட்டோம்லா. எந்த வெளையாட்டுக்குத் தனித் தெறமை வேணும்னு. நீங்க சொல்லவே இல்லியே."

ஜெபராணி மைதானத்தைப் பார்த்தாள். கூட்டம் மேடைப் பக்கம் போய்விட்டது. களம் காலியாகக் கிடந்தது. கோடு அழிந்திருந்தது.

"நடுவரு விசிலக் கழட்டிப் பையில வச்சிட்டாரு" என்றாள். "அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம பிள்ளைகளுக்கும் தெரியாது."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். இப்ப ஒரு ஆட்டம் பாக்கி இருக்குல்லா, அக்கா. அதுக்குத்தான் தனித் தெறமை வேணும்."