கிழக்கு மதிலுக்கு வந்த சாட்சி

முன்னொரு காலத்தில், சுவர்மேல் ஆசை வைத்த ஒரு ராஜா இருந்தார். மற்ற ராஜாக்கள் யானை கேட்பார்கள், குதிரை கேட்பார்கள். இவருக்கு வெள்ளை வெளேரென்று ஒரு சுவர் கண்ணில் பட்டால் போதும், சோறு தண்ணீர் மறந்துவிடும். பக்கத்து நாட்டு ராஜா தை மாதம் விருந்துக்கு வருவதாக ஓலை வந்ததோ இல்லையோ, "கோட்டையின் கிழக்கு மதில் முழுவதும் புதிதாகச் சாந்து பூசப்பட வேண்டும். அதைப் பார்த்து அவர் வயிறு எரிய வேண்டும்!" என்று உத்தரவு போட்டுவிட்டார். மதில் முடியும் வரை நாட்டில் வேறு யாரும் ஆற்று மணலில் கை வைக்கக்கூடாது, அத்தனை வண்டிகளும் அரண்மனைக்குத்தான் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

பூசுகிற வேலை கொத்தனார் செங்கோடனுக்குக் கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைக்கும்? செங்கோடன் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. பத்து வருஷத்துக்கு முன் அவன் பூசிய தெற்கு மதில், அத்தனை மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கீறல் விழாமல் நின்றது. அவனுடைய தங்கையைக் கட்டியவன்தான் அரசவை விகடகவி தொந்திலிங்கம். பெயரில்தான் தொந்தி, ஆள் ஒல்லிக்குச்சி. மச்சான் கைவேலை என்றால் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. தெற்கு வாசலில் புதுமுகம் ஒன்று வந்து நின்றால் போதும், "இந்தச் சுவர் யாரு பூசினது தெரியுமா?" என்று கையைப் பிடித்துக்கொள்வான். கதை முழுவதையும் கேட்காமல் யாரும் உள்ளே போக முடியாது.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் உலகுடையார். அரண்மனைக் கட்டட வேலைகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. தாம் பேசினால் ராஜா கொட்டாவி விடுகிறார், தொந்திலிங்கம் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்பது அந்த மனிதருக்குப் பல வருஷத்து வயிற்றெரிச்சல்.

வைகாசியில் மதில் முடிந்தது. ஆனி பிறந்ததும் வந்தது வினை. ராணியைக் கையோடு அழைத்துப் போய், "எப்படி இருக்கிறது பார்த்தாயா?" என்று ராஜா மார்தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பளம் அளவுக்கு ஒரு சாந்துத் துண்டு பெயர்ந்து விழுந்து அவருடைய மீசையிலேயே உடைந்தது. நிமிர்ந்து பார்த்தால் மதில் முழுவதும் அம்மை போட்டதுபோல் பொரிந்துகிடக்கிறது. ராணி சிரித்துவிட்டாள். அதுதான் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

சபை கூடியது. உலகுடையார் எழுந்தார். "அரசே, பொருள்கள் அனைத்தும் முதல்தரம். பூசிய கைதான் கெட்டுவிட்டது. அந்தக் கட்டைவிரல் இருக்கும்வரை இன்னும் எத்தனை சுவர்களைப் பாழாக்குமோ!"

"அப்படியானால் அந்தக் கட்டைவிரல் வேண்டாம்," என்றார் ராஜா. "நாளை மறுநாள் அந்தி சாயும்போது வெட்டப்படும்."

செங்கோடன் நிமிர்ந்து நின்றான். "மகாராஜா, பூசினது இந்தக் கைதான். இந்தக் கை தப்புப் பண்ணலை. இதுக்கு மேல கெஞ்ச எனக்குத் தெரியாது."

"அரசே, கோளாறு சாந்தில்தான் இருக்க வேண்டும்!" என்று தொந்திலிங்கம் குதித்து எழுந்தான்.

"மைத்துனனுக்குப் பரிந்து பேசுகிறவன் சொல் சபையில் எடுபடுமா?" என்றார் உலகுடையார். "சாட்சி கொண்டுவரட்டும். பிறந்தது முதல் ஒரு பொய்கூடச் சொல்லாத சாட்சி. யாரிடமும் கைநீட்டி ஒரு காசுகூட வாங்காத சாட்சி."

"என்னைக் கண்டு பயப்படாத சாட்சியாகவும் இருக்கட்டும்!" என்று ராஜா மீசையை முறுக்கினார். மீசையிலிருந்து இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்படி ஒரு பிறவி நாட்டிலேயே கிடையாது என்று சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் மச்சானும் மாப்பிள்ளையும் கிழக்கு மதிலின் அடியில் போய் நின்றார்கள். செங்கோடன் சுவரைத் தடவினான், நோயில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் தடவுவதுபோல.

"எப்பவும் மணலை ஒரு சிட்டிகை நாக்குல போட்டுப் பாத்துட்டுத்தான் கரண்டியத் தொடுவேன் மாப்ளே. இந்தத் தடவை மணலைக் கண்ணுலயே காட்டலை. 'சாந்து அரைச்சுத் தொட்டி தொட்டியா வரும், நீ பூசினாப் போதும்'னுட்டார் அதிகாரி. அரண்மனை மணல்தானேன்னு நானும் விட்டுட்டேன். அந்த ஒண்ணு என் தப்பு." அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். "ஆனா விரல் போனாப் போகட்டும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. இந்த விரல் இல்லேன்னா நான் யாரு?"

தொந்திலிங்கம் வாய் திறப்பதற்குள் காவல்காரன் ஒருவன் கம்பைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தான். "சூ! சூ! போ அந்தாண்ட! சாமி, இந்தச் சுவரு எழும்பின நாள்லேருந்து இந்த ஆட்டுக் கூட்டத்தோட ஒரே ரோதனை. அகழிக்கரை பூரா புல்லு கிடக்கு, அதை விட்டுட்டு இங்க வந்து சுவரை நக்குதுங்க!"

தொந்திலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குனிந்து, தானும் சுவரை ஒரு நக்கு நக்கினான்.

"ஐயையோ, உங்களுக்கு என்ன ஆச்சு சாமி?" என்று காவல்காரன் அலறினான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. என் மச்சான் விரலுக்கும் இனிமே ஒண்ணும் ஆகாது," என்றான் தொந்திலிங்கம். கடலோரத்து உப்பங்கழி மணல்! நாக்கு கரித்தது.

குறித்த நாளும் வந்தது. "சாட்சி எங்கே?" என்றார் ராஜா.

"கிழக்கு மதிலின் அருகே இருபது பேர் காத்திருக்கிறார்கள், அரசே. தாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்."

"இருபது பேரா? பொய் சொல்லாதவர்கள் என் நாட்டில் இருபது பேரா!" ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சபையையே கூட்டிக்கொண்டு வேகவேகமாக நடந்தார். போய்ப் பார்த்தால், இருபது ஆடுகள்.

"பொய் சொன்னதில்லை, அரசே. கைநீட்டிக் காசு வாங்கியதும் இல்லை," என்றான் தொந்திலிங்கம். மூன்றாவது லட்சணத்தை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொம்பு வளைந்த கறுப்பாடு ஒன்று ராஜாவின் பட்டு அங்கவஸ்திரத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"இதுவே சாட்சி சொல்லட்டும்," என்றார் ராஜா, அங்கவஸ்திரத்தை இழுத்துக்கொண்டே.

ஆட்டை விட்டதும் அது நேரே மதிலுக்குப் போய் நக்கத் தொடங்கியது. "உப்பு, அரசே. சாந்தில் கலந்தது உப்பங்கழி மணல். உப்பு ஏறினால் எந்தச் சாந்தும் பொரிந்து உதிரும்," என்றான் தொந்திலிங்கம்.

"அபத்தம்!" உலகுடையார் முந்திக்கொண்டார். "சாந்து உறுதிப்படக் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது வழக்கம். ஆடு வெல்லத்தை நக்குகிறது!"

"அதே வெல்லம் தெற்கு மதிலிலும் உண்டு. போய்ப் பார்க்கலாமே."

தெற்கு மதிலை ஆடு முகர்ந்தது, தும்மியது, திரும்பி நின்று வாலை ஆட்டியது. ராஜாவின் புருவம் உயர்ந்தது.

"இன்னும் ஒரே ஒரு சுவர், அரசே. பக்கத்தில்தான்," என்று தொந்திலிங்கம் முன்னால் நடந்தான். அவன் நின்ற இடம் உலகுடையாரின் புது மாளிகை. பால்போல் பளபளவென்றிருந்த அந்தச் சுவரையும் ஆடு சீந்தவில்லை.

ராஜா சுவரைத் தடவிப் பார்த்தார். சுவர் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "எப்போது பூசியது?"

"வை... வைகாசியில், அரசே."

"உப்பில்லாத ஆற்று மணல். வைகாசியில் நாட்டின் ஆற்று மணல் அத்தனையும் என் மதிலுக்கு அல்லவா வந்துகொண்டிருந்தது? உமக்கு எந்த வண்டியில் வந்தது?"

உலகுடையார் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் ஆடு "ம்மே" என்றது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

மதிலின் பழைய சாந்து கொத்தி எடுக்கப்பட்டது. ஆற்று மணல் வந்தது. செங்கோடன் அதை வாயில் போட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சாந்து அரைபட்டது. புதுச் சாந்து வெடிக்காமலிருக்க நாற்பது நாள் ஈரம் காயக்கூடாது; அந்த நாற்பது நாளும் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றும் பொறுப்பு, ராஜாவின் ஆணைப்படி, உலகுடையாருக்கு. இடுப்பில் குடத்தோடு அவர் போய்வந்ததைப் பார்க்க ஊரே திரண்டது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா தொந்திலிங்கத்திடம்.

"வெட்டச் சொன்ன விரல் இந்த மதிலில் இருக்க வேண்டும், அரசே. அது ஒன்று போதும்."

கிழக்கு வாசலில் ராஜமுத்திரை பதிக்கவென்று விட்டிருந்த இடத்தில், சாந்து ஈரமாக இருக்கும்போதே செங்கோடன் வலது கையை வைத்து அழுத்தினான். ஐந்து விரலும் பதிந்தன. கட்டைவிரல் கொஞ்சம் ஆழமாகவே பதிந்தது. விகடகவி வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொந்திலிங்கத்துக்குப் போட்டார்.

ஐப்பசி மழை அடித்துத் தீர்த்தது. மதில் அசையவில்லை. தை மாதம் பக்கத்து நாட்டு ராஜா வந்தார். யானையிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ராஜமுத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இது யாருடைய கை?"

நம் ராஜா விருந்தாளியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இந்தச் சுவர் யார் பூசினது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். விருந்து ஆறிப்போகும்வரை விடவில்லை.